வினைல் விரிப்பில் தங்கிவிட்ட சிவப்புக் கோடு

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: சென்னையில் நண்பர்கள் ஐந்து பேர் சனிக்கிழமைதோறும் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கற்பனைக் கதை விளையாட்டை ஆடுகிறீர்கள்; அதில் குகையும் அறையும் வரைந்து அழிக்க ஓர் அங்குலக் கட்டம் அச்சிட்ட வினைல் விரிப்பு ஒன்றை ஆறு மாதத்துக்கு முன் வாங்கினீர்கள்; ஒரு வாரம் அழிக்காமல் விட்ட சிவப்பு மார்க்கர் கோடு இப்போது ஈரத் துணிக்கும் அசையவில்லை, சோப்புக்கும் அசையவில்லை; ஆகவே இதைத் தூக்கிப் போட்டுவிட்டு ரப்பர் அடியுள்ள நியோப்ரீன் விரிப்பு வாங்கலாமா, வாங்கினால் எப்படிப் பராமரிப்பது என்கிறீர்கள். எந்த விரிப்பு நல்லது என்பதே கேள்வியின் வடிவம் என்றாலும், அதற்குள் இருக்கும் கேள்வி வேறு: எந்த மையை எந்தப் பரப்பில் எழுதினால் திரும்ப எடுக்க முடியும் என்பது. விரிப்பைத் தனியாகவும் பேனாவைத் தனியாகவும் வாங்குகிறவர்கள் எல்லோரும் உங்கள் இடத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள். இரண்டையும் ஒரு ஜோடியாகப் பார்க்கத் தொடங்கினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நான் ரெக்ஸின் தயாரிக்கும் ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் பதினேழு ஆண்டுகள் வேலை பார்த்தவன். பேருந்து இருக்கை உறை, பைத்துணி, மேசை விரிப்பு என்று மெல்லிய பிவிசி தாள்களில் கறை எப்படி ஏறுகிறது, ஏன் இறங்க மறுக்கிறது என்பதைப் பார்ப்பது அன்றாட வேலையாக இருந்தது. அதோடு பத்து ஆண்டுகளாக வாரம் ஒருமுறை இதே விளையாட்டை நடத்தியும் வருகிறேன். ஆகவே கீழே சொல்வதில் வேதியியல் சார்ந்த பகுதியை உறுதியாகவே சொல்கிறேன். உங்கள் கறை முழுவதும் போகுமா என்பதை மட்டும் விரிப்பைக் கையில் எடுத்துப் பார்க்காமல் யாரும் உறுதி சொல்ல இயலாது. அப்படிச் சொல்பவர் ஏதோ ஒரு திரவத்தை விற்க வந்தவராகத்தான் இருப்பார்.

முதலில் வினைல் என்றால் என்ன என்பதைப் பார்த்துவிட வேண்டும். வீட்டுத் தண்ணீர்க் குழாயும் உங்கள் விரிப்பும் ஒரே பிவிசி பிசினால் ஆனவை. குழாய் விறைப்பாக இருக்கிறது, விரிப்பு துணிபோல மடங்குகிறது என்றால், விரிப்பில் நெகிழ்வூட்டும் எண்ணெய் ஒன்று கலந்திருப்பதே காரணம். ஆலையில் பிளாஸ்டிசைசர் என்போம். நீண்ட காலம் டிஓபி என்ற ஒன்றுதான் எங்கும் புழங்கியது. நூறு பங்கு பிசினுக்கு ஐம்பது அறுபது பங்கு எண்ணெய் என்பது மென்மையான தாள்களில் சாதாரணம். இந்த எண்ணெய் பிசினோடு வேதிப்பிணைப்பால் கட்டப்பட்டதல்ல. பஞ்சில் எண்ணெய் நிற்பதுபோல மூலக்கூறுகளுக்கு இடையே தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே அது நகரும். தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் இன்னொரு பொருளுக்குள் போகும். அதுபோலவே வெளியிலிருந்து வரும் சில சாயங்களைத் தனக்குள் கரைத்துக்கொண்டு உள்ளே இழுக்கவும் செய்யும்.

இது புதிய செய்தி போலத் தோன்றினாலும் பள்ளிக்கூடத்திலேயே நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் கோடை விடுமுறை முழுதும் கிடந்த வெள்ளை அழிப்பான், பிளாஸ்டிக் ஸ்கேலோடு ஒட்டிக்கொண்டு, பிய்த்தெடுத்தால் ஸ்கேலில் பள்ளமாகத் தழும்பு விட்டிருக்கும். அந்த அழிப்பானும் எண்ணெய் கலந்த பிவிசிதான். எண்ணெய் ஸ்கேலுக்குள் புகுந்து அதை இளக்கிவிட்டது. நல்ல அழிப்பான்கள் அட்டை உறையோடு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். சான்றிதழின் ஜெராக்ஸ் பிரதியைப் பிளாஸ்டிக் ஃபைலில் சில ஆண்டுகள் வைத்துவிட்டு எடுக்கும்போது எழுத்துகள் ஃபைலின் உறையோடு போய்விடுவதும் இதே கதை. உங்கள் சிவப்புக் கோட்டுக்கும் அதே நிலைமைதான். கோடு இப்போது விரிப்பின் மேல் இல்லை, விரிப்புக்குள் இருக்கிறது. மேலே இருப்பதைத் துடைக்கலாம். உள்ளே இருப்பதைத் துடைக்க முடியாது, கொஞ்சம் இழுத்து எடுக்கத்தான் பார்க்கலாம்.

அடுத்தது பேனா. கடையில் மார்க்கர் என்ற ஒரே பெயரில் விற்கப்படுபவை மூன்று வெவ்வேறு சரக்குகள். பெர்மனன்ட் மார்க்கரில் ஆல்கஹால் போன்ற கரைப்பானில் கரைந்த சாயம் இருக்கிறது. அந்தச் சாயம் எண்ணெயிலும் நன்றாகக் கரையும் என்பதால் வினைலுக்கு அதைவிட மோசமான எதிரி இல்லை. வகுப்பறை ஒயிட்போர்டில் எழுதும் டிரை இரேஸ் மார்க்கரிலும் ஆல்கஹால்தான் கரைப்பான்; ஆனால் அதில் மை பரப்போடு ஒட்டாமல் மிதந்து நிற்பதற்காக எண்ணெய்ப் பசையுள்ள பொருள் ஒன்றைச் சேர்த்திருப்பார்கள். கண்ணாடி, எனாமல், பாலியெஸ்டர் போன்ற இறுகிய பரப்பில் அது சரியாக வேலை செய்கிறது. மென்மையான வினைலில் கரைப்பான் சாயத்தையும் கூட்டிக்கொண்டு உள்ளே இறங்கிவிடுவதால், மார்க்கரின் மேல் 'எளிதில் அழியும்' என்று எழுதியிருந்தாலும் நிழல்போல ஒரு தடம் நிற்கும். மூன்றாவது வெட் இரேஸ் எனப்படும் நீரில் கரையும் பேனா. முன்பு ஆசிரியர்கள் ஓஎச்பி (ஓவர்ஹெட் புரொஜெக்டர்) தாள்களில் எழுதப் பயன்படுத்தியது இதைத்தான். காய்ந்தபின் உலர்ந்த விரலால் தேய்த்தால் போகாது, ஈர விரல் பட்டால் உடனே கரையும். வினைல் விரிப்புக்கு உரிய ஜோடி இதுதான், இது ஒன்றுதான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஓஎச்பி பேனா என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவது பெர்மனன்ட் வகையாகவும் இருக்கலாம். ஸ்டெட்லர் நிறுவனத்தின் லூமோகலர் வரிசையில் பெர்மனன்ட், நான் பெர்மனன்ட் என இரண்டும் உண்டு. அவசரத்தில் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும். பேனா உடம்பில் அச்சிட்ட எழுத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள். எழுத்து அழிந்துபோன பழைய பேனாவானால், ஒரு கண்ணாடி டம்ளரில் கோடு போட்டு இரண்டு நிமிடம் காயவிடுங்கள். உலர்ந்த விரலுக்கே உதிர்ந்தால் டிரை இரேஸ்; ஈர விரலுக்கு மட்டும் கரைந்தால் வெட் இரேஸ்; எதற்கும் அசையாவிட்டால் பெர்மனன்ட். எங்கள் குழுவில் புதிதாக வருகிறவர் பையிலிருந்து பேனாவை எடுத்தால் இந்தச் சோதனை முடியாமல் விரிப்பின் பக்கம் விடுவதில்லை. கொஞ்சம் கெடுபிடிதான், ஆனால் இந்த விதி வந்த பிறகு ஒரு விரிப்பும் கெடவில்லை.

வெட் இரேஸ் பேனாவே ஆனாலும் நேரம் ஒரு கணக்கு. நீரில் கரையும் சாயம் வினைலுக்குள் மிக மெதுவாகத்தான் புகும், புகவே புகாது என்பதில்லை. அன்றிரவே துடைத்தால் தடம் நிற்பதில்லை. ஒரு வாரம் விட்டால் நிற்கலாம். வெயில் காலத்தில் மூடிய அறையில் விட்டால் நிற்கும் வாய்ப்பு இன்னும் அதிகம், ஏனென்றால் சூடு ஏற ஏற இந்த இடப்பெயர்ச்சியும் வேகமாகிறது. நிறங்களில் சிவப்பும் அதை ஒட்டிய ஆரஞ்சு, ஊதா ஆகியவையும் பிடிவாதமானவை என்பது என் அனுபவம். உலகெங்கும் ஆடுகிறவர்கள் சொல்லும் புகாரும் சிவப்பைப் பற்றித்தான் அதிகம். இதைச் சட்டம்போலச் சொல்ல மாட்டேன், ஏனெனில் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு சாயத்தைப் போடுகிறது. இருந்தாலும் கறுப்பையும் நீலத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு ஆடினால் இழப்பதற்கு ஒன்றுமில்லை. தீப்பந்தம் எரியும் இடத்தைக் காட்டச் சிவப்பு வட்டம்தான் வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை.

இப்போது உங்கள் கறைக்கு வருவோம். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, பருத்தித் துணியை நனைத்து, கோட்டின் மேல் பத்து நிமிடம் விரித்து வையுங்கள். பிறகு தேய்க்காமல் ஒத்தி எடுங்கள். அதற்கு அசையாவிட்டால், கோடு போட்ட அதே வெட் இரேஸ் பேனாவால் பழைய கோட்டின் மேல் புதிதாக ஒரு முறை எழுதி, காய்வதற்கு முன் ஈரத் துணியால் துடையுங்கள். காய்ந்து இறுகிய பழைய மையைப் புதிய மையிலுள்ள ஈரம் மறுபடி கரைத்து எடுத்துவரும். இதைப் பல முறை செய்யலாம், விரிப்புக்குத் தீங்கில்லை. மூன்றாவது படி கொஞ்சம் ஆபத்தானது: மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் அல்லது ஐசோபுரோபைல் ஆல்கஹால் பஞ்சில் நனைத்து, முதலில் விரிப்பின் ஓர் ஓரத்தில் கட்டக் கோடு அச்சு கலைகிறதா என்று பார்த்துவிட்டு, கறையின் மேல் ஒரே இழுப்பாக இழுத்து, உடனே ஈரத் துணியால் கழுவிவிட வேண்டும். ஆல்கஹால் கறையோடு நெகிழ்வூட்டும் எண்ணெயையும் கொஞ்சம் கரைத்துக்கொண்டு போகிறது. இரண்டு மூன்று முறைக்கு மேல் போனால் அந்த இடம் மட்டும் விறைத்து, மினுமினுப்பு மாறி, அடுத்த கறையை இன்னும் வேகமாகப் பிடிக்கத் தொடங்கும். சானிட்டைசரும் இதே ஆல்கஹால்தான் என்பதை மறக்க வேண்டாம்.

அதற்கும் மேல் போகாதீர்கள். நெயில் பாலிஷ் ரிமூவரில் உள்ள அசிட்டோன் பிவிசியை ஊத வைத்து இளக்கிவிடும். பெயிண்ட் தின்னர், பெட்ரோல் இரண்டும் அதே வகையறா. மேஜிக் இரேசர் என்று விற்கும் வெள்ளை மெலமைன் பஞ்சும் பற்பசையும் கரைப்பதில்லை, மிக நுண்ணிய உப்புத்தாள் போலச் சுரண்டுகின்றன. கறையோடு பரப்பும் போய், சொரசொரத்த அந்த இடத்தில் அடுத்த மை நிரந்தரமாகக் குடியேறும். இந்த மூன்று படிகளுக்குப் பிறகும் மெல்லிய ரோஜா நிறத்தில் ஒரு கோடு தெரிந்தால் அதோடு வாழப் பழகிக்கொள்வதே நல்லது. என் பழைய விரிப்பின் நடுவில் இப்படி ஒரு வட்டம் நிற்கிறது. ஏழு ஆண்டுகளாக எங்கள் கதையில் எந்த ஊருக்குப் போனாலும் அங்கே ஒரு பாழுங்கிணறு இருக்கிறது. உங்கள் விரிப்பு இருபுறமும் அச்சிட்டதானால், பின்புறத்து அறுகோணக் கட்டத்தை இதுவரை தொட்டிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். காட்டிலும் மலையிலும் நடக்கும் சண்டைக்கு அது சதுரக் கட்டத்தைவிட வசதியானது.

மார்க்கர் கறையைவிட நம் ஊரில் அதிகம் நேர்வது மஞ்சள் கறை. பஜ்ஜி, பிரியாணி, சாம்பார் இவற்றில் எது சிந்தினாலும் மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற சாயம் எண்ணெயில் கரைவது, நீரில் கரையாதது. ஆகவே வினைலுக்குள் நேராக இறங்கிவிடும், சோப்பு போட்டாலும் தங்கும். ஆனால் குர்குமினுக்கு ஒரு பலவீனம் உண்டு, வெளிச்சம் பட்டால் சிதைந்துவிடும். அம்மா வெள்ளை வேட்டியின் சாம்பார்க் கறையை வெயிலில் காயப்போட்டு எடுப்பாரே, அதே உத்தி இங்கும் பலிக்கும்: சோப்பால் கழுவிவிட்டு, காலை இளவெயிலில் தட்டையாக ஒன்றிரண்டு மணி நேரம், இரண்டு மூன்று நாள். உச்சி வெயில் வேண்டாம். மார்க்கர் சாயத்துக்கு இதே வைத்தியம் பலிக்கும் என்று நம்பி விரிப்பை மொட்டை மாடியில் வாரக்கணக்கில் போடாதீர்கள். கறை மங்குமோ மங்காதோ, விரிப்பு கட்டாயம் பழுதாகும்.

இனி நியோப்ரீன். கடைகளில் இந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் மவுஸ் பேட் போன்ற இரண்டடுக்குச் சரக்கு: மேலே வழவழப்பான பாலியெஸ்டர் துணி, கீழே நுரைத்த ரப்பர். அந்த ரப்பர் உண்மையான நியோப்ரீனாக இல்லாமல் இயற்கை ரப்பராகவோ வேறு செயற்கை ரப்பராகவோ இருப்பது சகஜம்; விளையாட்டுக்கு அதனால் பெரிய வேறுபாடு இல்லை. கனம் பெரும்பாலும் 2 மி.மீ. படத்தைத் துணியின் மேல் பூசுவதில்லை. சுமார் 200 டிகிரி சூட்டில் சாயத்தை ஆவியாக்கி இழைக்குள்ளேயே ஏற்றிவிடுகிறார்கள். அதனால் படம் உரியாது, தண்ணீரில் கலையாது, பகடை உருட்டினால் சத்தம் வராது, பாத்திரங்களாக நிற்கும் சிறு பொம்மைகளான மினியேச்சர்கள் சறுக்காது. புல்வெளியும் பாறையும் அச்சிட்ட பெரிய விரிப்பில் வீடு, மரம், சுவர் என்று முப்பரிமாணப் பொருள்களை அடுக்கி ஆடுகிறவர்களுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் இதில் எழுத முடியாது. துணியில் விழுந்த மை துணிக்குள் போய்விடும். வெட் இரேஸாக இருந்தாலும் சட்டையில் பட்டதுபோலத்தான். எழுதி அழிக்கும் பூச்சு கொடுத்த சில வகைகளும் விற்பனைக்கு வருகின்றன. வாங்கினால் மூலையில் ஒரு புள்ளி வைத்து இரண்டு நாள் கழித்துத் துடைத்துப் பார்த்த பிறகே நடுவில் எழுதுங்கள்.

ஆகவே நீங்கள் ஆடும் விதம்தான் தீர்மானிக்க வேண்டும். வாரம் ஒரு புதிய குகை, ஆட்டக்காரர்கள் கதவைத் திறக்கத் திறக்க நீங்கள் அறையை வரைந்துகொண்டே போகிறீர்கள் என்றால் நியோப்ரீன் உங்களுக்கு அழகான மேசைத்துணி, அதற்கு மேல் எதுவுமில்லை. வரையாமல் பொருள்களை அடுக்கி ஆடுவீர்கள் என்றால் வினைலை வைத்துக்கொண்டு ஏன் அல்லல்பட வேண்டும்? இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்று இருக்கிறது, நான் புதியவர்களுக்குப் பரிந்துரைப்பது பெரும்பாலும் அதைத்தான்: தடித்த தாளில் அச்சிட்டு இருபுறமும் இறுகிய பூச்சுப் போட்டு, வரைபடம்போல மடித்து வைக்கும் வகை. பைசோ நிறுவனத்தின் ஃபிளிப் மேட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விரித்தால் 24 அங்குலத்துக்கு 30 அங்குலம், மடித்தால் ஒரு புத்தக அளவு. வெட் இரேஸ், டிரை இரேஸ் இரண்டையும் தாங்கும். தவறிப்போய் பெர்மனன்ட் மார்க்கரால் எழுதிவிட்டால் அதன் மேல் டிரை இரேஸ் மார்க்கரால் எழுதி, பத்து விநாடி விட்டுத் துடைக்கச் சொல்லி நிறுவனமே வழிகாட்டுகிறது. மென்மையான வினைலில் இதே வித்தையைச் செய்தால் சாயம் இன்னும் ஆழமாகப் போக வாய்ப்புண்டு, செய்யாதீர்கள். மடிப்பு வகையின் குறை மடிப்பிலேயே இருக்கிறது: சில ஆண்டுகளில் மடிப்புக் கோட்டில் பூச்சு வெடித்து, அந்த வெடிப்பில் மை ஏறும், முதல் நாள்களில் தட்டையாகக் கிடக்காமல் கூரைபோல எழுந்தும் நிற்கும்.

அளவைப் பொறுத்தவரை மேசையை அளந்துவிட்டு விரிப்பைத் தேடுங்கள், மாற்றிச் செய்யாதீர்கள். இந்த விளையாட்டில் ஒரு கட்டம் ஐந்து அடி. சாதாரணப் பாத்திரம் ஒரு முறையில் நகரும் முப்பது அடி, விரிப்பில் ஆறு அங்குலம். இருபது அடி ஆரமுள்ள நெருப்புப் பந்து மந்திரம் எட்டு அங்குல வட்டம். நெடுவில்லின் சாதாரண வீச்சான நூற்றைம்பது அடி முப்பது அங்குலம் கேட்கிறது. நான்கு பேர் சாப்பிடும் மேசை ஏறத்தாழ நான்கு அடிக்கு இரண்டரை அடி. அதில் இரண்டு அடி அகலத்துக்கு மேல் விரிப்புப் போட்டால் தாள், பகடை, காபி டம்ளர் எல்லாம் விரிப்பின் மேலேயே வந்து உட்காரும், கறையின் தொடக்கமும் அதுதான். வார்ஹாமர் போன்ற போர் விளையாட்டு ஆடுகிறவர்களுக்கு நிலைமை வேறு. அங்கே விதிப்புத்தகமே அளவைச் சொல்லிவிடுகிறது. 2020-இல் வந்த வார்ஹாமர் 40,000 பதிப்பு 44 அங்குலத்துக்கு 60 அங்குலத்தை வழக்கமான களமாக்கியது. அதற்கு முன் ஆறடிக்கு நாலடிதான் வழக்கம். பழைய விரிப்பு வைத்திருந்தவர்கள் ஓரத்தில் ஒரு கயிற்றைப் போட்டுக்கொண்டு ஆடினார்கள்.

ஊரிலேயே அச்சிட்டுக்கொள்ளலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். தெருமுனை ஃபிளெக்ஸ் கடையில் கட்டம் அச்சிட்டு வாங்குவது மலிவு, நானும் செய்திருக்கிறேன். மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஃபிளெக்ஸும் மென்மையான பிவிசி பூசிய துணிதான், மேலே உள்ள அச்சு கரைப்பான் மையால் ஆனது; ஸ்பிரிட் பட்டால் கறைக்கு முன் கட்டம் கலையும். மேட் லேமினேஷன் போடச் சொல்லுங்கள். பளபளக்கும் லேமினேஷனில் மேலே எரியும் டியூப் லைட் முகம் பார்க்கும், கட்டம் தெரியாது. மூன்றாவது, கட்டத்தின் அளவு. வடிவமைப்பவர் ஓர் அங்குலத்தை 25 மி.மீ. என்று முழுமையாக்கிவிட்டால், ஒரு கட்டத்தில் 0.4 மி.மீ.தான் குறையும், முப்பத்தாறு கட்டம் போனதும் 14 மி.மீ. குறைந்திருக்கும், அளவுநாடாவால் வீச்சை அளப்பவரும் கட்டத்தை எண்ணுபவரும் சண்டை பிடிப்பார்கள். மினியேச்சரின் அடித்தட்டு 25 மி.மீ. என்றால் கட்டத்தில் அடங்கும், 32 மி.மீ. என்றால் எதிலும் அடங்காது என்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வைத்துக் காப்பதில் பலரும் செய்யும் தவறு மடிப்பது. வினைலையும் ரப்பர் விரிப்பையும் சுருட்டித்தான் வைக்க வேண்டும், அதுவும் படம் வெளிப்பக்கம் இருக்கும்படி. அப்போதுதான் விரித்ததும் ஓரங்கள் மேசையை நோக்கிக் கவிழும், மேலே எழாது. சதுரங்க வகுப்புகளில் சுருட்டி எடுத்துவரும் வினைல் பலகைக்கும் இதே விதிதான். உள்ளே ஒரு குழல் இருந்தால் சுருள் நசுங்காது. ஜவுளிக்கடையில் துணி தீர்ந்த பிறகு எறியும் அட்டைக் குழலைக் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். கட்டுவதற்கு ரப்பர் பேண்ட் வேண்டாம், பள்ளமும் பழுப்புத் தடமும் விழும். பருத்தி நாடா போதும். செய்தித்தாளில் சுற்றுவது நம் வீட்டுப் பழக்கம், வினைலுக்கு மட்டும் அதைச் செய்யாதீர்கள். அச்சு மை இடம் மாறி, தலைப்புச் செய்தி தலைகீழாக விரிப்பில் பதிந்துவிடும். வெள்ளைத் துணியில் சுற்றுங்கள்.

மினியேச்சர்களை விரிப்பின் மேலேயே மாதக்கணக்கில் நிற்க வைத்துவிட்டுப் போவதும் கூடாது. வார்ஹாமர் பொம்மைகள் போன்றவை பாலிஸ்டைரீன். ஜியாமெட்ரி பாக்ஸில் ஸ்கேலுக்கு நேர்ந்தது அவற்றின் அடித்தட்டுக்கும் நேரும். மேசைக்கும் இதே ஆபத்து உண்டு, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. லேக்கர், வார்னிஷ் பூசிய தேக்கு மேசையின் மேல் வினைலை நேரடியாக விரித்து நாள்கணக்கில் விட்டால் எண்ணெய் அந்தப் பூச்சுக்குள் இறங்கி இளக்கி, விரிப்பை எடுக்கும்போது பாலிஷும் சேர்ந்து வரும். அத்தை வீட்டு உணவு மேசையில் இந்தப் பாடத்தை நான் கற்றேன். அந்த மேசைக்கு மறுபடி பாலிஷ் போட ஆன செலவில் இரண்டு விரிப்பு வாங்கியிருக்கலாம், அத்தையின் பேச்சு தனி. இப்போது கீழே ஒரு பழைய பருத்திப் போர்வையை விரித்த பிறகே விரிப்பைப் போடுகிறேன். ஆட்டம் முடிந்தால் இரண்டையும் எடுத்துவிடுகிறேன்.

சென்னையின் ஈரக்காற்று இன்னொரு கவலை. ரப்பர் விரிப்பைக் கழுவுவதானால் குளிர்ந்த நீர், மென்மையான சோப்பு, மிருதுவான பிரஷ், அதுவும் கையால். வாஷிங் மெஷினில் சுழற்றினால் துணியும் ரப்பரும் பிரிந்துவிடக்கூடும், முறுக்கிப் பிழிந்தால் வரும் சுருக்கம் நிரந்தரம். துண்டால் ஒத்தி ஈரத்தை எடுத்துவிட்டு, நிழலில் தட்டையாக, மின்விசிறிக் காற்றில் முழுநாள் காயவிடுங்கள். மேலே தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும், நுரைக்குள் ஈரம் நிற்கும். ஐப்பசி கார்த்திகையில் அப்படியே சுருட்டி வைத்தால் ஒரு வாரத்தில் பூஞ்சை நாற்றம். வினைலிலும் பூஞ்சை பிடிக்கும், ஏனெனில் சில நெகிழ்வூட்டும் எண்ணெய்கள் பூஞ்சைக்கு உணவு. ஆலையில் இளஞ்சிவப்புப் புள்ளிகளோடு திரும்பி வந்த ரெக்ஸின் சுருள்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அந்தப் புள்ளி மேலே ஒட்டிய அழுக்கு அல்ல, உள்ளே ஊறிய நிறம். வெயிலில் ரப்பர் வெடிக்கும், வினைல் விறைக்கும். பூட்டிய காரின் பின்னிருக்கையில் மதியம் முழுதும் விட்டால் இரண்டும் ஒரே நாளில் கோணும். சுருண்டு கிடக்கும் வினைலை நேராக்க, தரையில் விரித்து ஓரங்களில் புத்தகம் வைத்து இரவு முழுதும் விடுவதே போதும். பிடிவாதமான மடிப்புக்கு ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஆறும்வரை பாரம் வைக்கலாம். இஸ்திரிப் பெட்டியைத் தொடாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு உங்கள் நிலைமைக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். புதிய விரிப்பு எதுவும் வாங்க மாட்டேன். இருக்கும் வினைலின் மேல், மேசையளவு ஒளிபுகும் பாலியெஸ்டர் தாள் ஒன்றைப் போட்டுவிடுவேன். சாப்பாட்டு மேசைக்கு மீட்டர் கணக்கில் விற்கும் மெத்தென்ற ஒளிபுகும் விரிப்பு அல்ல. அதுவும் எண்ணெய் நிறைந்த பிவிசிதான், அதே நோய் வரும். கையில் எடுத்து ஆட்டினால் சலசலவென்று சத்தம் வரும், அந்த விறைத்த தாள்தான் பாலியெஸ்டர். அதில் நெகிழ்வூட்டும் எண்ணெய் கிடையாது. ஆகவே வெட் இரேஸ் மை உள்ளே போக வழியில்லை, டிரை இரேஸும் அநேகமாகச் சுத்தமாக வரும். அடியில் உள்ள கட்டமும் உங்கள் சிவப்புக் கோடும் அப்படியே தெரியும். கோடு கண்ணை உறுத்தினால் வினைலைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். இன்னும் ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: அந்தச் சிவப்புப் பேனா இப்போதும் கையில் இருந்தால், அதன் உடம்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். பெர்மனன்ட் என்று இருந்தால் மேலே சொன்ன முதல் இரண்டு படிகளும் வீண். நேராக ஸ்பிரிட்டுக்குப் போய், ஓரத்தில் சோதித்துவிட்டு ஆரம்பியுங்கள்.